முரசுக்காரனின் முறை

சலவைக்கூடத்தில் அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவன் முரசுதான். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்ததும், ஈரத்தோடு சூட்டு உருளைக்குள் கொடுப்பது அவன் வேலை. மறுபக்கம் வெந்து வருவதைப் பிடித்து மடிப்பவள் மடிப்பக்கா. உருளைக்கு நீராவி அனுப்புகிறவர் பாய்லர்காரர். மூன்று பேரும் ஒருவர் சோற்றுப் பாத்திரத்தில் இன்னொருவர் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

அந்தப் பட்டப்பெயர் ஓர் ஆட்டத்தில் வந்தது. விடுமுறை நாளில் அவன் வீட்டில் கூடுவார்கள். வேன் ஓட்டுகிற மச்சினன் கதை சொல்லுவான். காடு, குகை, பூதம் என்று அவன் அளந்துகொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, முறை வைத்துச் சண்டை போடுவார்கள்.

"கழுத வயசாகுது, இன்னும் பூதத்தோட மல்லுக்கட்டுறாங்க" என்று முரசின் பெண்டாட்டி திட்டுவாள். திட்டிக்கொண்டே டீயும் போடுவாள்.

வேடம் பிரித்த அன்று மடிப்பக்கா வாளை எடுத்துக்கொண்டாள். பாய்லர்காரர் நெருப்பு மந்திரவாதியானார். "வேலையிலதான் வேகுறீங்க, இங்கயுமா?" என்று அக்கா சிரித்தாள். இவன் மட்டும் ஆயுதமே வேண்டாம், ஒரு முரசு போதும் என்றான்.

"அத வெச்சுப் பூதத்துக்குக் கச்சேரி பண்ணப் போறியா?" என்றார் பாய்லர்காரர்.

"விழுந்து கெடக்கறவங்க காதுல எழுந்திருன்னு ஒரு சத்தம் விழுந்தா எழுந்துக்க மாட்டாங்களா? அதுவும் ஒரு பலந்தானே?"

மச்சினன் மோவாயைத் தடவி யோசித்துவிட்டு ஒரு விதி வைத்தான். முரசுக்காரனால் யாரையும் அடிக்க முடியாது. ஆனால் தன் முறை வரும்போது அதை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கலாம். விழுந்தவர் எழுவார், ஓய்ந்தவர் இன்னொரு வெட்டு வெட்டுவார்.

"ஆனா மாமா, முறைய நீங்களே வெச்சுக்கிட்டா ஒண்ணுத்துக்கும் உதவாது. கொடுத்தாத்தான் உண்டு."

"நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?" என்றான் இவன்.

அதற்குப் பிறகு அவர்கள் தோற்றதே இல்லை. பெரிய பூதத்தின் தலையைச் சீவியது அக்காவின் வாள்தான். ஆனால் சீவிய முறை இவனுடையது.

வேலையிலும் அப்படியேதான் இருந்தான். ஒருநாள் நீராவி பாதியில் இறங்கி உருளை நின்றுபோயிற்று. ஈரவிரிப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது, மேலாளர் வெளியே போயிருக்கிறார். சிக்கிய விரிப்பை இழுத்ததில் அக்காவின் உள்ளங்கை கொப்பளித்து அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவன் அவளைச் சூடில்லாத தன் பக்கத்துக்கு மாற்றி, வெந்து வருவதைத் தானே பிடித்தான். இருக்கிற ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச்சொல்லிப் பாய்லர்காரரைத் தட்டிக்கொடுத்து உருளையை மறுபடி ஓட வைத்தான். "இந்த மலை மட்டுந்தான் அக்கா, அப்புறம் நீதான் ராணி" என்று வாய் ஓயாமல் பேசினான். பொழுது சாய்வதற்குள் எல்லாம் வண்டி ஏறிவிட்டது.

அடுத்த மாதம் புது இயந்திரம் வந்தது. மூவரில் ஒருவர் போகவேண்டும். பாய்லரையும் மிஞ்சுகிற இருவரே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார் மேலாளர். அவர் மூவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்ட அன்று, "உங்களப் பத்திப் பேசுங்க. அடுத்தவங்க பெருமைய அளந்துட்டு வராதீங்க" என்று பெண்டாட்டி படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள்.

"உருளை நின்ன அன்னிக்கு யார் என்ன செஞ்சீங்க? நீங்க மொதல்ல சொல்லுங்க" என்றார் மேலாளர், இவனைப் பார்த்து.

வாயைத் திறந்தான். பழகிய வாய், பழகியதுதான் வந்தது.

"அக்கா கை கொப்பளிச்சும் விடல சார். பாய்லர்காரர் ஆவிய இழுத்துப் புடிச்சு வெச்சாரு. இவங்க இல்லன்னா அன்னிக்கு ஒரு துணி வெளிய போயிருக்காது."

சொல்லிவிட்டு நிறைவாக அவர்கள் பக்கம் திரும்பினான். முறையைக் கொடுத்தாயிற்று, இனி அவர்கள் வீசவேண்டியதுதான்.

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "ஆமா சார். வெந்த கையோட வேல செஞ்சேன்."

பாய்லர்காரர் தொண்டையைச் செருமினார். "ஆவிய நாந்தான் புடிச்சேன்."

"அப்ப இவரு என்ன செஞ்சாரு?"

அக்கா பாய்லர்காரரைப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்: "கூட இருந்தாரு சார். பேசிக்கிட்டு இருந்தாரு."

பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இவனுக்குத்தான் வேலை போயிற்று. அடுத்த விடுமுறையில் இருவரும் வெட்கமில்லாமல் வந்து நின்றார்கள். "புள்ளைங்க படிப்பு இருக்குடா" என்று வாசலிலேயே சொன்னாள் அக்கா. அவளைக் குறை சொல்லி என்ன என்பார்கள் சிலர். சொல்லத்தான் வேண்டும். இவனுக்கும் பிள்ளைகள் உண்டு.

"உள்ள வாங்க" என்றான் அவன். பெண்டாட்டி டீக் குவளைகளை டணாரென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆட்டம் நடந்தது. மந்திரவாதியின் நெருப்பு தீர்ந்தது. குகைக்குள் அக்கா வாள் நழுவி விழுந்தாள். அவள் மார்புக்கு நேரே பூதம் காலைத் தூக்கியது.

"மாமா, உங்க முறை" என்றான் மச்சினன்.

"அடிடா முரச" என்றார் பாய்லர்காரர்.

அவன் பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டான். "வெச்சுக்கறேன்."

"என்னத்த?"

"என் முறைய. நானே வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாதே மாமா. நீங்க கேட்டு வாங்கின வேடந்தானே?"

"தெரியும்."

மச்சினன் அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். வேறு வழியில்லை. பூதத்தின் கால் இறங்கியது.

"நான் செத்துட்டனாடா?" என்றாள் அக்கா. விளையாட்டாகக் கேட்க நினைத்தவளுக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை.

"நான் கூடத்தான் இருக்கேன் அக்கா" என்றான் முரசு. "பேசிக்கிட்டு இருக்கேன்."