மேற்கு அறைக் குளிர்

அயர்லாந்தின் கால்வே பக்கத்தில் எங்கள் மாதாகோவில் பங்கில், வருஷத்துக்கு ஒருமுறை வயதானவர்களை பஸ்ஸில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவார்கள். இந்த முறை பழங்காலக் கிராமம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கூரை வீட்டில் பிறந்து, புகையில் இருமி, கிணற்றுத் தண்ணீர் சுமந்து இடுப்பொடிந்தவள் நான். அதையே டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டுமாம். ஆனாலும் கிளம்பினேன், கோல்மனுக்காக.

கோல்மன் என் பக்கத்து வீட்டுக்காரன். எழுபது தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். மாடு கன்று போடத் திணறுகிறது என்றால் கொட்டுகிற மழையிலும் ஓடி வருவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வராது. இளவயதில் அவனும் அட்ராக்டாவும் ஏழு வருஷம் ஒன்றாக நடன மண்டபத்துக்குப் போய் வந்தார்கள். அவள் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள். கவென்ட்ரியில் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் காலமாகி, போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பினாள்.

அவள் வந்ததிலிருந்து கோல்மன் வாரா வாரம் முடி சீவி, சவரம் செய்து பூசைக்கு வருகிறான். "கேட்டுடு கோல்மன். இந்தத் தடவையும் விட்டா அப்புறம் கல்லறையிலதான் கேக்கணும்" என்று நான் அவனைப் பிடுங்கியெடுத்தேன். பஸ்ஸில் அவள் பக்கத்து இடத்தில் அவனைத் தள்ளி உட்காரவைத்ததும் நான்தான்.

"புதுச் சட்டையா கோல்மன்? விலைச்சீட்டு காலர்ல தொங்குது" என்றாள் அட்ராக்டா.

அவன் பதறிப்போய்த் தடவிப் பார்த்தான். ஒன்றும் தொங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் அவனும் சிரித்துவிட்டான். இன்றைக்குக் காரியம் கைகூடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வீட்டில்தான் வினை வந்தது. பழங்காலத்துச் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு சின்னப் பெண் எங்களுக்கு விளக்கம் சொன்னாள். சமையலறையில் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டி அறை.

"இதுதான் மேற்கு அறை. மகனுக்குக் கல்யாணம்னா, பெத்தவங்க அடுப்படியை மருமகள்கிட்ட விட்டுட்டு இங்க வந்துடுவாங்க. அவங்க நகர்ந்தாத்தான் கல்யாணமே நடக்கும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த கூட்டத்தை அழைக்கப் போனாள். மற்றவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர, நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். அட்ராக்டா உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா ஒரு வாசப்படி தாண்டியிருந்தா போதும், கோல்மன். கவென்ட்ரியில தினமும் அவங்களைத் திட்டுவேன். துணி மடிக்கும்போது திட்டுவேன், பஸ்ஸுக்கு நிக்கும்போது திட்டுவேன். அம்மா நகரமாட்டேங்கறான்னு நீதானே சொன்ன."

ஊரே கோல்மனின் அம்மா சபினாவை அப்படித்தான் பேசியது. மகனைக் கட்டிப்போட்ட மகராசி என்று அவள் அடக்கத்தின்போதுகூடப் பேசினார்கள்.

கோல்மன் தொப்பியைக் கழற்றினான். போனது போகட்டும், வா டீ குடிக்கலாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் கோபமெல்லாம் செத்துப்போனவள் மேல்தானே. பேசாமல் இரு என்று நான் கண்ணைக் காட்டினேன். வாழ்நாளெல்லாம் பேசாதவன், பாவி, அன்றைக்குப் பார்த்துப் பேசினான்.

"அம்மாவைத் திட்டாத, அட்ராக்டா. அவ நகரத்தான் செஞ்சா."

"எங்க நகர்ந்தா?"

"மேற்கு அறைக்குத்தான். நீ கப்பலேறினதுக்கு முந்தின வருஷம். அவளே சுவத்துக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டினா. கட்டிலையும் அவளே இழுத்துப் போட்டுக்கிட்டா. அடுப்படி காலியா இருக்கு, அவளைக் கூட்டிட்டு வாடான்னா." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "சாயங்காலம் வந்து பாத்தா அடுப்புக்கு முன்னால அவ நாற்காலி இல்ல. எனக்கு என்னமோ பயமாயிடுச்சு. அங்க குளிரும்மா, வந்துடுன்னு ஒரு வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். உங்கிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

எனக்குச் சபினாவை நினைத்துத்தான் மனசு ஆறவில்லை. அத்தனை பழியையும் கேட்டுக்கொண்டு கிடந்தாளே, மகனை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காமல்.

அட்ராக்டா தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அந்தப் பக்கம் காலையிலிருந்து அடுப்பு எரிகிற சுவர்.

"குளிரா?" என்றாள். "சுவர் சுடுது, கோல்மன். தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை.

திரும்பும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோவில் வாசலில் இறங்கினதும் கோல்மன் தன் வீட்டுப் பாதையில் நடந்தான். அட்ராக்டா கல்லறைப் பக்கம் திரும்பி, சபினாவின் கல் எது என்று என்னிடம் கேட்டாள்.