மூன்று கிண்ணம் பழ ஐஸ்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் உத்திரமேரூரைச் சுற்றி எந்தக் கிராமத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்தாலும் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மோட்டாருக்குள் தாமிரக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதில் எனக்குச் சமமாக ஒரு ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாலே எந்தப் பக்கம் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்து வந்த இன்ஜினியர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார். சொந்த இடம், மாடி வீடு, மகளுக்கு டீச்சர் படிப்பு எல்லாம் இந்தக் காதும் கையும் சம்பாதித்தவை. ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை.

அதனால், என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கிட்னி இரண்டும் நின்றுபோய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் கலங்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். "உள்ள கீற மிஷின் நின்னுபோச்சி, வெளிய கீற மிஷின் ஓடப்போவுது. இதுக்கு ஏன் அழற?" என்று மகளை அதட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கும் அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். மகள் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். நாள் ஒன்றுக்குத் தண்ணீர் முக்கால் லிட்டர், அதற்கு மேல் கூடாது. இதுதான் முதல் வரி. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"போதும்மா. அளவு தெரிஞ்சிபோச்சி."

"இன்னும் நெறைய கீது நைனா. முழுசா கேளு."

"எனக்கு அளவு ஒண்ணு போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எங்கள் தொழில் அப்படி. எத்தனை சுற்று, என்ன கனத்துக் கம்பி என்று தெரிந்துவிட்டால் வேறு பேச்சே கிடையாது. சுற்று சரியாக இருந்தால் மோட்டார் ஓடும், தப்பினால் எரியும். நாற்பது வருடம் அப்படியே ஓட்டியவன், மனைவியின் உடம்பையும் அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஒரு பாட்டிலில் கோடு போட்டு, காலையில் முக்கால் லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தேன். மாத்திரை விழுங்குவது, தொண்டையை நனைப்பது எல்லாம் அதற்குள்தான். கிட்னி நின்றவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போகாது. உடம்பிலேயே தேங்கிக் காலை வீங்கவைக்கும், நுரையீரலுக்குள் ஏறி மூச்சை அடைக்கும். இதை நர்ஸம்மா எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். நான் ஒரு சொட்டு கூட விடவில்லை.

ஆனால் தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். சித்திரை வெயில் வேறு. அவள் தென்னேரிக்காரி. ஏரியில் குதித்து வளர்ந்தவள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தால்தான் அவளுக்குத் தண்ணீர் குடித்த மாதிரி. அவள் பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி நக்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெடித்துவிட்டது. பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சத்தம் வரும்.

உடம்பு முடியாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், பழம் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். என் வீட்டுக்கு வந்த கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! பெருநகரிலிருந்து, ஐயங்கார்குளத்திலிருந்து, நான் மோட்டார் கட்டிக் கொடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். தர்பூசணி, கிர்ணி, சாத்துக்குடி, திராட்சை, வாழைத் தார். கூடம் பழக்கடை மாதிரி ஆகிவிட்டது. அழுகப்போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு பெண் பழத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் உறையவைத்து, மிக்ஸியில் அடித்து ஐஸ்கிரீம் செய்கிறாள். சர்க்கரை இல்லை, பால் இல்லை, உடம்புக்கு நல்லது என்கிறாள்.

எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர் கொடுக்கக் கூடாது, சர்க்கரை கொடுக்கக் கூடாது. இதில் இரண்டுமே இல்லை. குளிர்ச்சி மட்டும் இருக்கிறது.

அன்றைக்கே தர்பூசணியை அறுத்துக் கொட்டை எடுத்து, எவர்சில்வர் தட்டில் துண்டுகளை ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். மாலையில் எடுத்தால் கருங்கல் ஜல்லி மாதிரி இருந்தது. மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டாக ஓட்டினேன். மோட்டார் முக்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா, உடனே நிறுத்தினேன். ஐந்து நிமிடம் வெளியில் வைத்து, கொஞ்சம் தளர்ந்த பிறகு விட்டு விட்டு அடித்தேன். ரோஜா நிறத்தில் பூவாய் வந்தது.

ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் திறக்கவே இல்லை.

"இன்னாமே, நல்லா கீதா?"

"நாக்குக்கு உசிரு வந்துச்சிய்யா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு ஒருத்தன் சொல்லிக் குடுக்கணுமா?"

"ஆமா, பெரிய ஐஸ்காரரு. நாளைக்கு மணி அடிச்சிக்கினு தெருவுல போ."

அவள் சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் என்னதான் செய்திருக்க மாட்டேன்! காஞ்சிபுரம் போய், பழ ஐஸ் செய்வதற்கென்றே உள்ள ஒரு மிஷினை வாங்கி வந்தேன். மேலே குழாய், அதில் உறைந்த பழத்தைப் போட்டு ஒரு கட்டையால் அழுத்தினால் கீழே இடியாப்பம் மாதிரி மெத்தென்று பிழிந்து வரும். பிளேடு சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. கழற்றி, அச்சைத் தாங்கும் புஷ்ஷை மாற்றி, எண்ணெய் போட்டு மாட்டினேன். அதற்கப்புறம் வெண்ணெய் மாதிரி வந்தது. கம்பெனிக்காரனே வந்து கற்றுக்கொண்டு போகலாம். வாழைப்பழத்தோடு கிர்ணி, சப்போட்டாவோடு திராட்சை என்று காலை, மதியம், மாலை மூன்று கிண்ணம். கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு நானே செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "நைனா, இத குடுக்கலாமா? நர்ஸ கேட்டியா?" என்றாள்.

"சக்கர ஒரு சிட்டிகை போடல. பழத்துல இன்னாமா கெடுதல் கீது? பேஜார் பண்ணாத."

பத்து நாளில் என் மனைவிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு வாங்கியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் ஏறியது எல்லாம் தண்ணீர் என்று கணக்கு.

"ஐயா, மூணு கிலோ ஏறியிருக்காங்க. தண்ணி ஜாஸ்தியா குடிக்கிறாங்க," என்றார் நர்ஸம்மா.

"நான் அளந்து குடுக்கறேன்மா. உங்க தராசுல கோளாறு."

அடுத்த தடவை தாமிரக் கம்பி நிறுக்கும் என் கடைத் தராசையே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அதிலும் அதே எடைதான் காட்டியது.

தராசு சரி. என் அளவும் சரி. அப்படியென்றால் தப்பு எங்கே? எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எனக்குத் தெரியாம தண்ணி குடிக்கிறியா?"

"இல்லய்யா."

"குழாய்ல குடிக்கிறியா?"

"நீ ஊத்தி வெக்கற பாட்டில் தண்ணிதான்யா. பொண்ணு மேல சத்தியமா."

"பெத்த பொண்ணு மேல பொய் சத்தியம் பண்ற. அந்த அளவுக்கு நாக்கு கேக்குது உனக்கு!"

அவள் என்னையே பார்த்தாள். பேசாமல் இருந்தது எனக்குத் திருட்டு மாதிரியே தெரிந்தது.

மறுநாள் முதல் நான் கடைக்குப் போகும்போதெல்லாம் தண்ணீர் கேனை உள்ளே வைத்துச் சமையலறையைப் பூட்டினேன். மாடித் தொட்டியை வடியவிட்டேன். கிணற்று மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? பக்கத்து வீடு, எதிர் வீடு, பால் ஊற்றுகிறவள் என்று எல்லோரிடமும், "எங்க வூட்டம்மா தண்ணி கேட்டா குடுக்காதீங்க. திருட்டுத்தனமா குடிக்கிது" என்று சொன்னேன். அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது. தெருவில் தலை நிமிர்ந்து நடந்தவள், யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகக் கூப்பிடப்படுகிறவள். அவளைத் தண்ணீர்த் திருடி ஆக்கினேன்.

அப்படிப் பூட்டிவிட்டுப் போகும்போதும், ஒரு கிண்ணம் பழ ஐஸைப் பாசமாகக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

பூட்டியும் எடை குறையவில்லை. மூன்றரை கிலோவுக்குப் போனது. நான் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, என் கைவேலையை நர்ஸம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. தராசைத் தூக்கிப் போய்த் தலைகுனிந்து வந்தவன் இல்லையா, எதிலாவது ஜெயிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் தர்பூசணி ஐஸ் நாலு கிண்ணம் வைத்து எடுத்துப் போனேன்.

"சாப்பிட்டுப் பாருங்கம்மா. எங்க வூட்டம்மாவுக்கு தெனம் மூணு வேள இதான்."

நர்ஸம்மா கையில் எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"தெனம் மூணு வேளையா? எவ்ளோ நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல கீது. சக்கர இல்லமா. தண்ணி ஒரு சொட்டு சேக்கல."

அவர் ஒரு கிண்ணத்தைக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மிஷின் ஓடியது. அவள் கையில் குழாய்களோடு படுத்திருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணெதிரிலேயே அந்த ஐஸ் முதலில் ஓரத்தில் பளபளத்தது, பிறகு நடுவில் அமிழ்ந்தது, பிறகு சிவப்பாக அசைந்தது. நர்ஸம்மா திரும்பி வந்து அதை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தார். கிட்டத்தட்ட ஒரு டம்ளர்.

"இது தண்ணி இல்லாம என்னங்கய்யா? உறைஞ்சா கணக்குல வராதா? போதாததுக்கு இந்தப் பழத்துல இருக்கற பொட்டாசியம்ங்கற உப்பு இவங்க இதயத்தையே நிறுத்திடும். தாள் குடுத்தோமே, படிக்கலையா?"

முக்கால் லிட்டர் நான் அளந்தது. அதற்கு மேல் மூன்று டம்ளர் என் கையாலேயே.

எரிந்த காயிலைப் பிரித்தால் தப்பு எந்தச் சுற்றில் என்று தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்துவிட்டது. கட்டில் பக்கம் திரும்பினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மோட்டாருக்காரருக்கு ஐஸு உருகும்னு தெரியல."

அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைப் பூட்டைக் கழற்றினேன். ஃபியூஸ் கட்டையை மாட்டினேன். பழத்தையெல்லாம் மாட்டுக்குப் போட்டேன். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை. அவளிடம் மட்டும், "இனிமே பூட்ட மாட்டேன், நீயே பாத்து குடி" என்றேன். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு. நாற்பது வருடம் ஒருவரிடமும் தப்பு என்று ஒத்துக்கொள்ளாதவனுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

"சரி" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. தண்ணீரை டம்ளரில் ஊற்றியதும் குடிக்க மாட்டாள். நான் இருக்கும் பக்கம் தூக்கிக் காட்டுவாள். நான் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பாள். நான் கடையில் இருந்தால், வரும்வரை வறண்ட நாக்கோடு காத்திருப்பாள். குடித்து முடித்ததும் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

"இன்னாத்துக்குமே காட்டற? நான் கேட்டனா?"

"அப்புறமா கேப்ப. இப்பவே பாத்துக்கோ."

வீம்புக்குச் செய்யவில்லை. அவள் குரலில் வீம்பே இல்லை. இனி தன் சொல் இந்த வீட்டில் செல்லாது என்று அவள் முடிவு செய்துவிட்டாள், அவ்வளவுதான். எடை குறைந்தது. கால் வீக்கம் வடிந்தது. நர்ஸம்மா நல்ல பேஷண்ட் என்று பாராட்டினார். ஆனால் இதயம் அதற்கு முன்பே களைத்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். பழ ஐஸினாலா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, மிஷினுக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே நெஞ்சு வலிக்கிறது என்றாள். பாலாற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். டிரைவரை வேகமாகப் போகச் சொன்னேன். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டாள். பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டே மடக்கு குடித்தாள். வலிக்கு நடுவிலும் பாட்டிலை என் பக்கம் தூக்கினாள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நான் பார்ப்பதற்காக.

எனக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது. வெட்கம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வரும். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பி, கீழே ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பார்ப்பேன் என்று அவள் கை தூக்கியபடியே இருந்தது. பாலம் முடிவதற்குள் அது உயிரில்லாமல், பாட்டிலோடு என் மடியில் விழுந்தது. தண்ணீர் வேட்டியையெல்லாம் நனைத்தது.

பார்த்திருக்கலாம். சரி, இரண்டே மடக்குதான், நீ சொன்னால் சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.