பம்பாய்க்குப் புறப்பட்டு மகாபலிபுரம் போன கதை

அதிகாலை ஐந்து மணிக்குச் சதுரங்கப்பட்டினத்தில் பஸ் ஏறினேன். போக வேண்டிய ஊர் பம்பாய். எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மாதம். ராத்திரி பெய்த மழையில் கடைத்தெருவே சேறாகிக் கிடந்தது. நான் அந்தக் கடைத்தெருவில் வலைநூலும் கயிறும் விற்கிறவன். ஆகாய விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. முந்நூற்றுச் சொச்ச ரூபாய் கொடுத்து அதில் ஏறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பவன் நான்தான்.

ஏற வைத்தது என் அக்கா சைனம்பு. தன் பையனுக்கு என் மகளைக் கேட்டாள். நான் வேறிடத்தில் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஆறு வருஷம் அவளும் என்னோடு பேசவில்லை, நானும் அவளோடு பேசவில்லை. இப்போது அவளும் மச்சானும் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் நடந்து, ஏதாவது மனசில் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவது வழக்கம். அக்கா எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அன்றைக்கென்று நான் சரக்கெடுக்க மெட்ராஸ் போயிருந்தேன். என் மனைவி ஆயிஷா கையால் சாப்பிட்டாளாம். எலுமிச்சை ஊறுகாய் நன்றாக இருக்கிறது, கப்பலுக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாளாம். ஜாடியில் அடிமண்டிதான் இருந்தது. புதிதாகப் போட்டு அனுப்புகிறேன் என்று ஆயிஷா சொல்லிவிட்டாள்.

பம்பாயிலிருந்து கப்பல் நாளை மறுநாள் சாயங்காலம் புறப்படுகிறது என்று மச்சானின் தந்தி வந்தது. ரயிலில் போனால் வெறும் கடலைத்தான் பார்க்கலாம்.

"இது ஆள் வுட்டு சொல்ற சமாச்சாரம் இல்ல. பொறுத்துக்கினேன்னு நீங்களே நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க," என்றாள் ஆயிஷா. விமானத்தில் வருகிறேன் என்று மச்சானுக்குப் பதில் தந்தி கொடுத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று அவள் வழக்கமாகச் சொல்வதையும் சொன்னாள்: "கெளம்பிட்டா பாதில திரும்பி வந்து வாசப்படி மிதிக்காதீங்க."

செங்கல்பட்டில் பஸ் மாறி, ஜி.எஸ்.டி. சாலை வழியாக மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே கால். துணைக்கு மைத்துனன் ஜாபர் வந்திருந்தான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. துணி சுற்றிய பீங்கான் ஜாடி ஒன்று. இரண்டையும் தராசில் வைத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் முள்ளைப் பார்த்துவிட்டு, "இருபத்தேழு கிலோ சார். இருபதுதான் ஃப்ரீ. மீதி ஏழு கிலோவுக்குக் கிலோ நாலு ரூபா," என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரி ஆபீசில் மொத்த எடைக்குக் கூலி வாங்குவார்கள், அது நியாயம். இங்கே முதல் இருபது கிலோவுக்குக் காசே கிடையாதாம், இருபத்தோராவது கிலோ மட்டும் குற்றம் செய்துவிட்டதாம். எனக்கு முன்னால் நின்ற ஆளுக்கு என்னைப்போல் இரண்டு உடம்பு. அவர் எடையை யாரும் கேட்கவில்லை.

"அம்மா, நான் அம்பது கிலோதான் இருப்பேன். அவரு நூறு இருப்பாரு. அதுல கழிச்சுக்கக் கூடாதா?"

"அப்படியெல்லாம் ரூல் இல்ல சார்."

ஊறுகாயின் விலையே பத்து ரூபாய் தேறாது. அதற்குக் கூலி இருபத்தெட்டா? எனக்குள் இருந்த வியாபாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜாடியை ஜாபர் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பெட்டி சரியாக இருபது.

ஒன்பதே முக்காலுக்கு விமானத்தில் உட்கார்ந்தேன். புடவை கட்டிய பெண் தட்டு நிறைய மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினாள். மிட்டாய் புரிந்தது. பஞ்சு எதற்கென்று பக்கத்து சீட்டுக்காரர் காதில் செருகியபோதுதான் புரிந்தது. இரைச்சல் கிளம்பியது, கண்ணை மூடி ஓத வேண்டியதை ஓதினேன். கண்ணைத் திறந்தபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். இந்தியிலும் இங்கிலீஷிலும் என்னவோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன்.

எஞ்சினில் கோளாறு என்று வெளியே வந்தபின் ஒரு அதிகாரி தமிழில் சொன்னார். பம்பாயிலிருந்து சாமான் வரவேண்டும். பெட்டிகள் உள்ளேயே இருக்கட்டும். சரியானால் ராத்திரியே கிளம்பும், இல்லாவிட்டால் காலையில். அதுவரை சாப்பாடும் தங்கலும் விமானக் கம்பெனி செலவு. யாரும் எங்கேயும் போய்விடக் கூடாது, எந்த நேரமும் கூப்பிடுவோம். இவ்வளவையும் சொல்லி எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள்.

வேறொரு விமான நிலையத்துக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அடையாறு போயிற்று, திருவான்மியூர் போயிற்று, கோவளம் போயிற்று. சவுக்குத் தோப்புகளைப் பார்த்ததும் சீட்டை விட்டு எழுந்தேன். டிரைவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணாத்த, எங்க போய்க்கினு கீறோம்?"

"மகாபலிபுரம் பாய். மெட்ராஸ்ல ஓட்டல் எல்லாம் ஃபுல்லு."

மகாபலிபுரத்திலிருந்து என் வீட்டுக்கு எட்டு மைல். விடிகாலையில் கிளம்பி, செங்கல்பட்டைச் சுற்றி, விமானத்தில் ஏறி, மத்தியானம் ஒரு மணிக்கு என் ஊரின் பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்திருந்தேன்.

கடலோர ஓட்டல். வெள்ளைக்காரர்கள் துண்டு விரித்து மணலில் படுத்திருந்தார்கள். தெற்கே, கல்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அணுமின் நிலையம் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் என் கடை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றால் அதிகாரி போகாதே என்கிறார், ஆயிஷா வராதே என்கிறாள். பக்கத்து சீட்டுக்காரர் கடற்கரைக் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஐம்பது வருஷமாக அந்தக் கடற்கரையில் திரிகிறவன், ஊருக்குப் புதிசு என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கே அது உண்மை போலத்தான் இருந்தது.

சூப் கொண்டுவந்தவன் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். எங்கள் ஊர்க் குப்பத்து ஏகாம்பரம். அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"இன்னா பாய், நீ காலைல ஏரோப்ளேன்ல பம்பாய் போய்ட்டன்னு ஊரே பேசிக்கினு கீது. இங்க குந்திக்கினு கீறே?"

"ஏறுனேன்பா. எறக்கிட்டாங்க."

"டப்பு திருப்பிக் குடுத்தானா?"

"சோறு போடறான்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டே போனான். ஓட்டல் குமாஸ்தாவிடம் சொல்லி, அக்கா தங்கியிருந்த ஹஜ் பயணிகள் சத்திரமான பம்பாய் முசாபர்கானாவுக்கு ஒரு டிரங்கால் பதிவு செய்தேன். எப்போது கிடைக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. விமானம் காலையிலும் கிளம்பாவிட்டால்? அக்கா அந்த வார்த்தையைக் கேட்காமலே கப்பல் ஏறிவிடுவாள். போய்த் திரும்பி வருவது யார் கையில் இருக்கிறது?

ஐந்தரை மணிக்கு ஓட்டல் வாசலில் ஆயிஷா நின்றாள், இடுப்பில் அந்த ஜாடி. ஏகாம்பரம் வேலை முடிந்து ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டேன். ஊறுகாய் ஜாடியோடு வந்து அவ்வளவு பெரிய சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஜாபர் இந்த ஜாடியத் தூக்கிக்கினு வந்து நிக்கறான். ஆறு வருஷம் மொகம் பாக்காதவங்க வந்து வாய் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். அத்த வுட்டுட்டுப் போறீங்களே, நல்லா இருக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் குமாஸ்தா கையை ஆட்டினார். பம்பாய் கிடைத்துவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அக்காவின் குரல் கேட்டது.

"யாரு?"

"நான்தான்கா."

"எங்கடா கீறே? பம்பாய் வந்துட்டியா?"

"மகாபலிபுரத்துல கீறேன்."

"ஏரோப்ளேன்ல வர்றன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே?"

"அந்த ஏரோப்ளேன்தான்கா இங்க கொண்டாந்து வுட்டுச்சு."

சிரித்தாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பாடம் பண்ணி வைத்திருந்த வார்த்தை எல்லாம் மறந்துவிட்டது. ஆயிஷா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா," என்றாள் அக்கா.

"ஊறுகா," என்றேன். "ஊறுகா எடுத்துக்கினு வரேன்கா."

லைன் அறுந்துவிட்டது. எவ்வளவு கத்தினாலும் அவ்வளவுதான். மறுபடி கேட்டுப் பார்த்த குமாஸ்தா, புயல்மழை, இனிக் கிடைக்காது என்றார். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஊறுகாயைச் சொன்ன என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆயிஷா ஜாடியை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

காலையில் மீனம்பாக்கத்தில் அதே தராசு, அதே பெண். ஜாடியை வைத்தேன். "ஏழு கிலோ சார், எக்ஸஸ்," என்று தயங்கிச் சொன்னாள். பேசாமல் இருபத்தெட்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். இந்தத் தடவை விமானம் எழும்பியது. கீழே எந்த ஊர் எது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

பம்பாய்த் துறைமுகத்தில் கூட்டமான கூட்டம். கப்பல் ஏறும் வரிசையில் அக்காவை மச்சானின் தொப்பியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவள் கையில் ஜாடியைக் கொடுத்தேன். அவள் முகத்துக்கு நேரே நின்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஆரம்பித்தேன்.

"அக்கா, என் மனசுல ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் நான் பொறுத்துக்..."

"அதான் நேத்தே போன்ல சொல்லிட்டியே," என்றாள் அக்கா. ஜாடியின் துணியை விலக்கி மோந்து பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வரிசையோடு நகர்ந்து போனாள்.

ரயிலில் வீடு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. பெட்டியின் எடையை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. வாசற்படி ஏறியதும் ஆயிஷா கேட்டாள், "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேனாம்," என்றேன்.