அண்ணன் கொண்டுவந்த கடல் தண்ணீர்

எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர்கள் என்றால் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்கள்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய் என் அண்ணன் ஆராய்ச்சிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். எழுபதுகளில் நடந்தது இது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கடல் எவ்வளவு உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று அளக்கிற வேலை. அப்பாவுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. "கடல் பொகை குடிக்கறத அளக்கச் சம்பளமா? நான் குடிக்கற பீடியையும் வந்து அளக்கச் சொல்லு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். அந்த இருமல் வருஷக்கணக்கில் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம், அம்மாவின் ஜெபம் ஒரு பக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ஒருமுறை கொச்சியில் கப்பலை விட்டு இறங்கி, மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்கு ரயிலில் போகிற வழியில், அண்ணன் மொரப்பூரில் இறங்கி வீட்டுக்கு வந்தான். மறுநாள் கிளம்பிவிடுவான். கூடவே ஒரு மரப்பெட்டி. அதற்குள் வைக்கோல் சுற்றிய பாட்டில்களில் கடல் தண்ணீர். வாய்வரை நிரப்பி, ஒரு குமிழிகூட உள்ளே இல்லாமல், கண்ணாடி மூடிக்குக் கிரீஸ் தடவி இறுக்கியிருந்தான். வெளிக்காற்று பட்டால், கடல் குடித்தது எவ்வளவு, பாட்டில் குடித்தது எவ்வளவு என்று தெரியாமல் போய்விடுமாம். யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னான். தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் உயிரோடிருந்து அளவைக் கெடுக்காமலிருக்க, ஒவ்வொரு பாட்டிலிலும் பாதரச விஷம் கொஞ்சம் விட்டிருந்ததை அவன் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பெட்டியை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "இது வேளாங்கண்ணிக் கடலாடா?"

"இது நடுக்கடல்ல எடுத்ததும்மா. ஆனா கடலெல்லாம் ஒண்ணுதான். எங்க மொண்டாலும் ஒண்ணோட ஒண்ணு கலந்ததுதான்."

படித்தவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் இன்னும் விளக்கு விளக்கென்று விளக்கினான். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

காலையில் பெட்டியைக் கட்டும்போது அண்ணன் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூடிக்கு அடியில் ஒரு குமிழி.

"யாரு தொறந்தது?"

"நாந்தான்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து, வெகு நிதானமாக. "மாதாவ வேண்டிக்கிட்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். உனக்குக் கொறையக் கூடாதுன்னு நம்ம கெணத்துத் தண்ணிய ஊத்தி ரொப்பி வெச்சிட்டேன்."

பாட்டில் வீணாய்ப்போன கோபத்தில் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அம்மா, அதுல வெசம் இருக்கு" என்றான்.

மூன்று பேரும் வாசலுக்கு ஓடினோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா குடுத்த தண்ணியக் குடிச்சீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "குடிச்சேன்" என்றார்.

"அது வெசம்ப்பா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அப்பா எழுந்திருக்கவில்லை. கொஞ்சநேரம் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு, "இல்லடா, குடிக்கல" என்றார். "அந்தச் செம்பருத்திக்கு ஊத்திட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். எப்பவும் அங்கதான் ஊத்துவேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்புகூட வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்க்கும்வரை.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப, போன வருசம் நான் வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிக் கொண்டாந்த தண்ணி?"

அப்பா கையிலிருந்த பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.