பகலில் இறைச்சி தொடாத சமையல்காரர்

பெரிய சமையல் கிடாரத்திலிருந்து ஒரு கரண்டி ஆணத்தை, அந்த இறைச்சிக் குழம்பை, சின்னக் கோப்பையில் ஊற்றி, மர்சூக் காக்கா அதைத் தகர வேலிக்கு மேலால் நீட்டுகிறார். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கதிரையில் அவருடைய மனைவி றபீக்கா இருக்கிறார். முகர்ந்து, ஒரு துளியை நாக்கில் வைத்து, “ஏலக்காய் எழும்பிட்டு. கறுவா இன்னும் காணா” என்கிறார். “அப்ப இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்” என்று இவர் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுக்கிறார். காத்தான்குடியில் எந்த வீட்டு விருந்துக்கு அழைத்தாலும் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள். காரணம் கேட்டால், “எனக்குக் கை இரிக்கி, அவவுக்கு மூக்கு இரிக்கி” என்பார்.

வயது அறுபதை நெருங்குகிறது. சமையல்காரர் என்று சொன்னால் நம்ப முடியாத ஒடிசல் உடம்பு. என்னோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கைகளைத்தான் பார்ப்பார். “நடக்கக்குள்ள ரெண்டு கையும் வீசணும். அந்தா போறவர்ட இடக்கை தூங்குது, பாருங்க” என்று என் காதோரம் சொல்வார். அந்த மனிதர் இடக்கையில் மீன் பையைப் பிடித்திருப்பார் என்பது வேறு விஷயம். யாராவது உடம்புக்கு முடியவில்லை என்றால் போதும், பக்கத்தில் போய் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கிவிடுவார். மணம் தெரிகிறதா, நித்திரையில் கை கால் அடிக்கிறதா, வயிறு ஒழுங்காகப் போகிறதா. பெரிய மனிதர்களிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டுச் சில வசவுகளும் வாங்கியிருக்கிறார்.

அவருக்கு முதலில் போனது மணம். சில வருடங்களுக்கு முன் ஏறாவூரில் ஒரு விருந்து. வெங்காயம் கருகுகிற வாடை பந்தல் வரைக்கும் போயிருக்கிறது. கிடாரத்துக்கு முன்னால் நின்றவர் மட்டும் நிதானமாகக் கிண்டிக்கொண்டிருந்தார். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். சளி இல்லை என்பது அவருக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை.

பிறகு வலது கை மந்தமானது. வெங்காயம் நறுக்குவதில் அவரை வெல்ல ஆளில்லை என்பார்கள். அந்தக் கத்தி மெல்ல மெல்லப் பின்தங்கியது. சட்டைப் பொத்தான் பூட்ட றபீக்கா வரவேண்டியதாயிற்று. சும்மா இருக்கும்போது பெருவிரல் தன்பாட்டில் எதையோ உருட்டத் தொடங்கியது. கண்ணூறு என்றார்கள், வாதம் என்றார்கள். ஓதின தண்ணீரும் குடித்தார், எண்ணெயும் தேய்த்தார். “குடிச்சதால நட்டமில்ல. ஆனா கை கேக்கல்ல” என்கிறார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனார். அங்கே கஜானி என்ற இளம் பெண் டொக்டர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். அதன் பிறகு கேட்டார்: “ஐயா, உங்களுக்கு மணம் தெரியுதா?”

“கையக் காட்டப் போனவனிட்ட அவ மூக்கக் கேட்டா. நான் ஆடிப் போயிட்டன்” என்று இன்றைக்கும் வியப்பு அடங்காமல் சொல்வார். பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொன்னார்கள். மணம் போவதும், நித்திரையில் கை கால் அடிப்பதும், மலம் இறுகுவதும் அதற்கு முன்பே வரக்கூடிய அடையாளங்களாம். மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் ஊறுகிறது, கை கால் நினைத்தபடி அசைய அது வேண்டும், அதைச் சுரக்கும் கலங்கள் அழிந்துகொண்டு போகின்றன என்று டொக்டர் விளக்கினார். நோயைக் கேட்டுப் பயந்ததை விட, முன்பின் தொடர்பில்லாத தன்னுடைய இரண்டு குறைகளும் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்ததில் மர்சூக் காக்காவுக்கு ஏதோ ஒரு நிம்மதி.

அந்தக் குறையை ஈடுகட்டத் தந்த குளிசை, அதாவது மாத்திரை, நன்றாக வேலை செய்தது. பொத்தானைத் தானே பூட்டினார். ஆனால் காலையில் போடுவது கேட்டது, மத்தியானம் போடுவது கேட்கவில்லை. பின்னேரம் வரை மரம்போல இருந்தார். வாசற்படிக்கு வந்தால் கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. போலிக் குளிசை தந்துவிட்டார்கள் என்று மருந்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் கஜானி கேட்டது ஒரே கேள்விதான்.

“மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?”

“விருந்து நாளில மாட்டிறைச்சியும் சோறும். மத்த நாளில மீனாணம், தயிர்.”

“அதுதான். குளிசையும் இறைச்சியில இருக்கிற புரதமும் மூளைக்குப் போக ஒரே பாதையிலதான் ஏற வேணும். நம்மட அம்பிளாந்துறைப் பாதை மாதிரி நினைச்சிக்குங்க. சனம் முந்தி ஏறி நிரம்பிட்டா, பிந்தி வாறவர் கரையிலதான் நிக்க வேணும்.”

வாவியைக் கடக்கும் படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்கிறோம். அந்தப் பேச்சு அவருக்கு உடனே பிடிபட்டது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆகிறவர்கள் இறைச்சியையும் மீனையும் இராச் சாப்பாட்டுக்குத் தள்ளிப் பார்க்கலாம், ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்தவர் தன் உடம்பிலேயே ஆராய்ச்சி தொடங்கினார். பூசணிக்காய்க் கறியும் சோறும் தின்றார், கை வந்தது. அடுத்த நாள் எருமைத் தயிர் தின்றார், கை வரவில்லை. வாழைப்பழத்துக்குக் கை வந்தது, பருப்புக்குத் தாமதித்தது. “உள்ளுக்க ஒரு ஆள் இருந்து பதில் சொல்றாப்போல இரிக்கி” என்று சந்தோசப்பட்டார். தான் ஆக்கிய புரியாணியை இப்போது அவர் இராத்திரியில், ஆறிய பிறகுதான் தின்கிறார்.

ஆனால் இதெல்லாம் வீட்டுக்குள் இருந்த இரகசியம். மூத்த மகள் ஷஸ்னாவுக்குக் கலியாணம் பேசிய நேரம் அது. நோய் பரம்பரையாக வரும் என்று சொல்லிப் பேச்சைக் குழப்பிவிடுவார்கள் என்று றபீக்கா பயந்தார். “வாப்பாட வருத்தத்த மறைச்சி எனக்கென்னத்துக்குக் கலியாணம்?” என்று ஷஸ்னா கேட்டாள். அவளுடைய பேச்சு எடுபடவில்லை. விருந்துகளில் மணம் பார்க்க, றபீக்காவின் தம்பி இர்ஷாத் ஆணத்தை மூடிய கோப்பையில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டோடி, றபீக்கா முகர்ந்து சொன்ன பதிலோடு திரும்பி வருவார். வேலிக்கு அப்பால் றபீக்கா வெளிப்படையாகக் கதிரை போட்டு உட்கார்ந்தது கலியாணத்துக்குப் பிறகுதான்.

கலியாண விருந்துச் சமையலை வேறு ஆளுக்குக் கொடுக்கும்படி வீட்டிலுள்ளவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டு கிடாரம் ஏற்றினார். முதலாவது ஆண்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கு. இரண்டையும் அன்று அவரே திறந்தார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இடையில் நடந்ததுதான் சொல்ல வேண்டியது.

நிகாஹ் முடிந்து முதலாவது கிடாரம் திறந்தாயிற்று. இரண்டாவது மூடி அடைத்துத் தம்மில் கிடந்தது. அவர் குளிசையை விழுங்கிவிட்டு அது ஏறுவதற்காகக் காத்திருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் ஹில்மி ஹாஜியார் உள்ளேயிருந்து கூப்பிட்டார்: “சம்மந்தி, வந்து குந்துங்க. நீங்க இருந்தாத்தான் நாங்க கை வைப்பம்.”

போகாமல் இருக்க முடியாது. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். மரியாதைக்காக நல்ல துண்டுகள் எல்லாம் மர்சூக் காக்காவின் பக்கம் குவிந்தன. அவர் ஓரத்துச் சோற்றை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“ஆக்கினவரே தின்ன மாட்டாரோ?” என்றார் ஹாஜியார். எல்லோரும் சிரித்தோம். சற்றுப் பொறுத்து அவர் மறுபடியும் கேட்டார்: “எங்களோட தின்ன மனமில்லயா?” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மர்சூக் காக்கா கையைச் சோற்றிலிருந்து எடுத்தார்.

“ஹாஜியார், எனக்குப் பாக்கின்சன் வருத்தம் இரிக்கி. மூளையில ஊற வேண்டிய ஒண்டு குறைஞ்சி போச்சி. அதுக்கு இப்பதான் குளிசை போட்டன். இறைச்சியத் திண்டா குளிசை ஏறாது. மத்தக் கிடாரத்தத் திறக்க எனக்குக் கை வேணும்.” ஹாஜியார் பக்கம் திரும்பினார். “பெரும்பாலும் இது புள்ளைகளுக்கு வாறதில்ல எண்டு டொக்டர் சொன்னா. எண்டாலும் உங்களிட்ட முந்தியே சொல்லியிரிக்கணும். மறைச்சது எங்கட பிழை.”

மகளுக்கு இனி மாமாவாக இருக்கப் போகிறவரின் முகத்தை அவர் பார்த்தபடி இருந்தார். ஹாஜியார் நெற்றியைச் சுருக்கித் தட்டைப் பார்த்தார்.

“மீனுமா?”

“மீனும்தான். முட்டையும்தான். முட்டை போட்டதால வட்டிலாப்பமும் ராவைக்குத்தான்.”

“கத்தரிக்காய்?”

“கத்தரிக்காய்க்குக் காரியமில்ல.”

ஹில்மி ஹாஜியார் தலையாட்டினார். மர்சூக் காக்காவின் பக்கம் குவிந்திருந்த இறைச்சித் துண்டுகளைக் கையால் வளைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தன் முன்னால் கிடந்த கத்தரிக்காய்ப் பொரியலை ஒவ்வொரு துண்டாக எடுத்து, அவர் பக்கத்துச் சோற்றின் மேல் வைக்கத் தொடங்கினார்.