மொன்றியல் சாப்பாட்டுக் கடைகளும் மலரின் சம்பல் போத்தலும்

போன ஆவணியில் என் மனைவி மலருக்கு ஐம்பது வயது ஆனது. பிறந்தநாளுக்கு எங்கே போவோம் என்று கேட்டேன். "மொன்றியலுக்குப் போவம். கடையளைக் கிருபா பாத்துக்கொள்ளுவார்" என்றாள். கிருபா என் சகலன். மொன்றியலில் இருக்கிற, மலரின் தங்கை சுதாவின் கணவன். நல்ல பெடியன்தான். ஆனால் ரொறன்ரோவில் நான் எந்தக் கடைக்குக் கூட்டிப்போனாலும், பாதிச் சாப்பாட்டில் "கிருபா எண்டால் இப்பிடியே கூட்டிக்கொண்டு வருவார்?" என்று ஒரு பெருமூச்சு வரும். பன்னிரண்டு வருசமாக அந்தப் பெருமூச்சைக் கேட்டே என் முடி கொட்டியது.

ஒரு விசயத்தைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. மலரின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் போத்தலில் செத்தல் மிளகாய் இடித்த கட்டைச்சம்பல் இருக்கும். சாப்பாடு சப்பென்று இருந்தால் அந்தப் போத்தல் வெளியே வரும். நான் தெரிவுசெய்த கடைகளில் அது வெளியே வராத நாளே இல்லை. மலர் தனியாகத் தங்கையிடம் போன நேரங்களில், கிருபாவின் கடைகளில் வந்ததே இல்லையாம். ஒரே ஒரு கடையிலாவது போத்தலைப் பையோடு இருத்திவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடுதான் கார் ஏறினேன்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டோம். கிங்ஸ்ரனில் தேத்தண்ணிக்கு நிறுத்தியும், ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி, பன்னிரண்டரைக்கு, மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள லொங்குய்யில் கிருபா வீட்டு வாசலில் நின்றோம். பின்னால் வரப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: காரை இங்கேயே விட்டுவிட்டு மெற்றோவில் ஆற்றைக் கடவுங்கள். ஆளுக்கு ஆறு டொலர் மட்டில்தான். நகரத்துக்குள் கார் நிறுத்த இடம் தேடினால் பசியே செத்துப்போகும்.

வெள்ளி இரவு கிருபாவின் தெரிவு. ஒரு ஒடுங்கிய தெருவில் பத்து மேசை போட்ட பிரெஞ்சுக் கடை. வைனை நாங்களே கொண்டுபோகலாம், அதற்குக் காசு இல்லை. வாசலில் நின்று அன்றைய சாப்பாடு எழுதிய கரும்பலகையைப் படித்தான். பிறகு கண்ணாடிக்குள்ளால் மற்றவர்களின் தட்டுகளை எட்டிப் பார்த்தான்.

"என்ன கிருபா, கடை பாக்கிறியோ, பொம்பிளை பாக்கிறியோ?"

"பொம்பிளை பாக்கேக்கை இவ்வளவு கவனமாப் பாக்கேல்லை, அண்ணை."

சுதா கிள்ளிய கிள்ளில் அவன் துள்ளினான். எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். பலகையில் ஆறே சாப்பாடுதான் இருந்தது. ஆறு என்றால் ஆறையும் ஒழுங்காகச் சமைப்பார்களாம், அறுபது என்றால் பெட்டியில் இருந்து எடுத்துச் சூடாக்குவார்களாம். வாத்துக்கால் வந்தது. கூடவே ஒரு சின்னக் கோப்பையில் வட்ட வட்டமாய் வெட்டிய பச்சை மிளகாய். இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்தேன். மலர் மிளகாயைக் கடித்துக் கடித்து எலும்பு வரைக்கும் சாப்பிட்டாள். பை திறக்கவில்லை. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு இருந்ததில், வாத்து என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சனி மத்தியானமும் அவன்தான். ஒரு இத்தாலியன் கடை. பெரிய கடைகளில் பகலில் போனால் அதே குசினி, அதே கை, இரவு விலையில் பாதிதான் வருமாம். ஆளுக்கு இருபத்தைந்து டொலர். அங்கேயும் மிளகாய்க் கோப்பை வந்தது. அங்கேயும் பை திறக்கவில்லை. "கிருபா, உங்களுக்குக் கை ராசி" என்றாள் மலர். எனக்குப் புளித்த ஏப்பம் வந்தது. சாப்பாட்டில் பிழை இல்லை.

சனி இரவு பிறந்தநாள் விருந்து. அதை மட்டும் எனக்குத் தா என்று கிருபாவிடம் கேட்டு வாங்கியிருந்தேன். ஃபோனில் நாலரை நட்சத்திரம் போட்ட கடை. பழைய துறைமுகப் பக்கம், மொட்டை மாடி, கீழே ஆறு, மேலே நிலா. வாசலில் ஒருவன் கையைப் பிடிக்காத குறையாக "பொன்சூர், பொன்சூர்" என்று கூப்பிட்டான். சாப்பாட்டு அட்டை கல்யாண அல்பம் போல, பக்கத்துக்குப் பக்கம் படம். கிருபா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மூடி வைத்தான். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

மீன் வந்தது. மிளகாயைக் காணவில்லை. "பெப்பர்" என்று கேட்டேன். பரிமாறுகிற பிள்ளை ஒரு முழ நீள மரத் திருகியைக் கொண்டுவந்து என் தட்டின் மேல் மிளகு திருகிவிட்டுப் போனாள். மலர் ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாம் வாய் சாப்பிட்டாள். பிறகு பையின் சிப் இழுபடும் சத்தம் கேட்டது. போத்தல் மேசையைச் சுற்றி வந்தது. சுதா போட்டாள், கிருபாவும் போட்டான். நான் ரோசத்தில் வேண்டாம் என்றேன். அந்த ரோசம் இரண்டு வாய்தான் தாங்கியது. நாலு பேருக்கு முந்நூற்றிருபது டொலர். நிலா மட்டும் இலவசம்.

மெற்றோவுக்கு நடக்கும்போது பெண்கள் முன்னால் போனார்கள். "ஏனடா இந்தக் கடையிலை மட்டும் மிளகாய் வைக்கேல்லை?" என்றேன்.

கிருபா சிரித்தான். "எந்தக் கடையிலையும் வைக்கிறேல்லை, அண்ணை. அக்கா வாறா எண்டால், இடம் பிடிக்கேக்கையே நான் ஃபோனிலை சொல்லிவிடுறனான்."

"அடப்பாவி, இதை முதலே சொல்லுறதுக்கென்ன?"

"நீங்கள் எங்கை சொல்ல விட்டனீங்கள்? வந்த நேரம் துடக்கம் என்னை நக்கலடிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறியள்."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் பெண்சாதிக்கு மிளகாய் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஊரான் வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. வயிறெரிச்சல் என்றால் சாதாரண வயிறெரிச்சல் இல்லை.

ஞாயிறு, திரும்பும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். வெள்ளி இரவு நடந்து போகும்போது ஒரு போர்த்துக்கீசர் கோழிக்கடையைப் பார்த்து வைத்திருந்தேன். கரி அடுப்புப் புகை, வெளியே வரிசை, வரிசையில் முழுக்க அந்த ஊர்ச்சனம். மலர் உடுப்பு அடுக்கும் நேரத்தில் கராஜுக்குள் ஒளித்து நின்று ஃபோன் அடித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிசில், பச்சை மிளகாய், வெட்டினது, சின்னத் தட்டு, என் மனைவிக்கு என்றேன். அந்தப் பக்கம் சிரித்துவிட்டு "ஓகே, மெர்சி" என்றது.

கோழி வந்தது. மலரின் கை சிப்பில் பாதி தூரம் போனது. அப்போது மிளகாய்த் தட்டு வந்து இறங்கியது. கை நின்றது. சிப் திரும்ப மூடியது. நான் ஊர்த் தேரை ஒற்றை ஆளாய் இழுத்து இருப்பிடத்துக்குக் கொண்டுவந்தவன் போல இருந்தேன்.

"பாருங்கோவன், ராத்திரி சுதா சொன்ன மாதிரி கிருபா இஞ்சையும் சொல்லி வைச்சிருக்கிறார்" என்றாள்.

"நான்தான் சொன்னனான்."

"நீங்களோ? இருபத்தாறு வருசத்திலை நான் உறைப்புத் தின்னுறனான் எண்டு இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?"

சொல்லிக்கொண்டே அவனுக்கு ஃபோன் அடித்து நன்றி சொன்னாள். "நான் இல்லை அக்கா, அண்ணையாத்தான் இருக்கும்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. மலர் ஃபோனை வைத்துவிட்டுக் கண் கலங்கினாள்.

"பாத்தீங்களே, எவ்வளவு அடக்கமான பிள்ளை!"

மொன்றியலில் சாப்பிடப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். படம் போட்ட சாப்பாட்டு அட்டையையும் வாசலில் நின்று கூப்பிடுகிறவனையும் நம்பாதீர்கள். நிலாவைச் சாப்பிட முடியாது. நல்ல கடைகளுக்குப் பகலில் போங்கள். அட்டையில் உள்ள விலையோடு வரியும் பரிமாறுகிறவருக்கு வைக்கும் ரிப்சும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறும். மிளகாய் வேண்டுமென்றால் முதலே ஃபோன் அடித்துச் சொல்லி வையுங்கள், அவர்கள் சிரித்துக்கொண்டே செய்து தருவார்கள். ஆனால் அந்த ஃபோனைக் கராஜுக்குள் நின்று அடிக்காதீர்கள். மனைவியைப் பக்கத்தில் இருத்தி, அவளுக்குக் கேட்கக் கேட்க, சத்தமாக அடியுங்கள்.