கண்ணாடி மேஸ்திரி வீட்டுச் சுவர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு வராமல் என்ன செய்யும்? மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து எங்கள் பகுதியில் எந்தத் தெரு எந்தப் பக்கம் போகும் என்பது காலையில் எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும். நேற்று திரும்பிய இடத்தில் இன்று தகரத் தடுப்பு நிற்கும். பிள்ளைகள் வேனுக்குள் கத்தும், நான் தடுப்பைப் பார்த்துக் கத்துவேன். ஆனால் இது என் கதை இல்லை. என் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமாவின் கதை. அவருக்குக் கோபமே வராது. ஒரு நாளாவது வந்து தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா பூச்சு வேலைக்காரர். செங்கல்லை அடுக்குவது கொத்தனார்கள் பாடு. அதன்மேல் சிமெண்ட் பூசி, மட்டம் பார்த்து, தேய்த்து வழவழப்பாக்குவது இவர் பாடு. இவர் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று யாரோ சொல்லப்போய், ‘கண்ணாடி மேஸ்திரி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நல்ல கைதான். ஆனால் அந்தக் கை சும்மா இருக்காது. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், சுவரில் சாய்ந்து தொங்கிய காலண்டரை நேராக மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் போன பிறகு அப்பா, “பையன் நல்லவன்தான். ஆனா வந்ததும் வராததுமா நம்ம வீட்டுல குத்தம் கண்டுபிடிக்கிறான்” என்றார். அக்கா மட்டும் அந்தக் காலண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்தபோதும் அப்படித்தான். எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறோம், இவர் நடைவழியில் கோணலாகத் தொங்கிய படத்தைச் சரி செய்துகொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவரும் அழுதுகொண்டேதான் செய்தார் என்பதை அக்கா பிறகு சொன்னாள்.

ஊருக்கெல்லாம் சுவர் பூசியவர் தனக்கென்று கட்டியது ஒரே ஒரு வீடு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்னால் துவைக்கிற இடம், அவ்வளவுதான். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் கட்டினார். அக்கா செங்கல் எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், மணல் சலித்தாள். குடியேறிய பிறகும் கதவு இல்லாத அறையில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு பல வருஷம் இருந்தார்கள். இந்த வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக இடமில்லை, பிள்ளை குட்டியும் இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் வந்து விழுகிறது.

மெட்ரோ சுரங்கம் அந்தத் தெருவுக்கு நேர் அடியில் போகிறது என்று தெரிந்ததும் ஆட்கள் வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். எந்த வீட்டில் விரிசல் இருந்ததோ அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினார்கள். உண்மையில் அது இரண்டு தகடு, ஒன்றின்மேல் ஒன்று. கீழே உள்ளதில் சின்னச் சின்னக் கட்டம், மேலே உள்ளதில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒட்டியிருப்பார்கள். சுவர் அசைந்தால் சிவப்புக் குறி நடுக்கட்டத்தை விட்டு நகரும். மாதம் ஒரு தடவை ஒரு பெண் வந்து அது எங்கே நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவாள். தெருவில் அவளுக்கு ‘அளவுப் பொண்ணு’ என்று பெயர்.

அக்கா வீட்டுப் படுக்கையறையில், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரைக்கு இறங்கிய மயிரிழை விரிசல்மேல் ஒன்று ஒட்டினார்கள். மாமா அப்போது வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் வந்தவரிடம் அக்கா, அதை யாரும் தொடக்கூடாதாம் என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் இருந்தால்தானே.

மாதங்கள் போயின. பக்கத்து வீடு ஓய்வுபெற்ற நர்சம்மாவுடையது. அங்கே சிவப்புக் குறி இரண்டு கட்டம் நகர்ந்துவிட்டது என்று பேச்சு. இந்தப் பக்கம் தையல்காரர் வீட்டில் மூன்று கட்டம். அக்கா வீட்டில் மட்டும் குறி நடுவிலேயே நின்றது. அளவுப் பொண்ணு ஒவ்வொரு தடவையும், “அசையவே இல்லைங்க. தெருவுலயே உங்க வீடுதான் ஸ்ட்ராங்” என்று சொல்லிவிட்டுப் போவாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கட்டியதாக்கும் என்று குழாயடியில் சொன்னாள், கடையில் சொன்னாள், எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். கண்ணு படப்போகுது, வாயை மூடு என்றேன்.

ஒரு நாள் பெரிய லாரி வந்து நின்றது. நர்சம்மா வீட்டைச் சுற்றித் துளை போட்டு, குழாய் சொருகி, அடிமண்ணுக்குள் சிமெண்ட் பால் இறக்கினார்கள். மண் இறுகிக்கொள்ளும், சுரங்கம் தோண்டுகிற மிஷின் அடியில் போகும்போது வீடு இறங்காது என்றார்கள். அடுத்து லாரி அக்கா வீட்டைத் தாண்டிப்போய்த் தையல்காரர் வீட்டு வாசலில் நின்றது.

நமக்கு எப்போது என்று அக்கா போய்க் கேட்டாள். அசைவு காட்டின வீட்டுக்குத்தான் பால் இறக்குவோம், உங்களுக்குத்தான் அசைவே இல்லையே என்று சிரித்தாள் அளவுப் பொண்ணு. நான் அன்றைக்கு வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அங்கேதான் இருந்தேன். மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அக்கா போய் உலுக்கினாள்.

“அது நகர்ந்துதான் இருந்துச்சு. நான்தான் நேராக்கினேன்” என்றார்.

கேட்டுக் கேட்டு வாங்கினோம். அக்கா என் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறார். சிவப்புக் குறி கோணலாக நிற்கிறது. ஒட்டியவர்கள் சரியாக ஒட்டவில்லை, பசை நழுவிவிட்டது என்று நினைத்துவிட்டார். பிறர் செய்த அரைகுறை வேலையைப் பார்த்தால்தான் அவருக்குப் பொறுக்காதே. தகட்டைப் பெயர்த்தார். அடியில் விரிசல் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா மூடுகிற கையா அது? ஆழமாகக் கீறி, கழுவி, கலவை திணித்து, பூசி, தேய்த்து, வர்ணம் அடித்து, பழையபடி தகட்டை ஒட்டி, சிவப்புக் குறியை மிகச் சரியாக நடுவில் வைத்தார். ரசமட்டம் பிடித்துப் பார்த்தாராம். ஒரு தடவை இல்லை, நகர்ந்த போதெல்லாம், அக்கா வீட்டில் இல்லாத நேரத்தில். அளவுப் பொண்ணு வந்து பார்க்கிறபோது வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டா முத்தா உதிர்ந்துடும்?” என்றாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

மறுநாள் மூவரும் வேலைத்தலத்து ஆபீசுக்குப் போனோம். சண்டை போடுகிற வெறியில் போனேன். எஞ்சினியர் என்னவோ நாற்காலி போட்டு உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டு, எங்களோடு நடந்தே வந்தார். சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. சுவரைத் தட்டினார், டார்ச் அடித்தார், விரலால் தடவினார். எங்கே விரிசல் என்றார். மாமா இங்கேதான் என்று காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் ஒரு பொட்டுக் குற்றம் கண்டுபிடிக்க எவனாலும் முடியாது.

மாமா உளியும் சுத்தியலும் எடுத்து வந்து உடைக்க ஆரம்பித்தார். தன் பூச்சைத் தானே உடைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே விரிசல் முழுக்க அவர் திணித்த கலவை கல்லாக இறுகியிருந்தது. சுவர் எது, கலவை எது என்றே பிரிக்க முடியவில்லை. எஞ்சினியர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஐயா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா அளவு இல்லாம என்னால பால் இறக்கச் சொல்ல முடியாது. புதுசா ஒட்டச் சொல்றேன். அடுத்த அளவுல அசைவு தெரிஞ்சா உடனே செஞ்சிடலாம்.”

அடுத்த அளவுக்குள் மிஷின் வந்துவிடுமே என்றேன். ஆமாம் என்று எஞ்சினியர் தலையாட்டினார். அதுவரை நிறுத்தி வைக்க முடியாதா என்று கேட்டேன். குரல் எனக்கே அன்னியமாக இருந்தது, கெஞ்சுகிற குரல்.

“நடுவுல நிறுத்தினாதான் தம்பி ஆபத்து. நின்ன இடத்துல மண்ணு இறங்கும். அதை ஓட்டிக்கிட்டே போகணும். யார் சொன்னாலும் நிக்காது.”

மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று போனார். கேட்டார் என்றே நினைக்கிறேன். லாரி அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. நான் அங்கே போய் டிரைவரிடம், ஒரே ஒரு வீடு, கொஞ்சம் வந்து இறக்கிவிட்டுப் போய்யா என்று கேட்டேன். அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். யாரை நோவது? திட்டுவதற்கு ஒருத்தனாவது கெட்டவனாக இருந்திருக்கலாம்.

புதுத் தகடு ஒட்டினார்கள். அளவுப் பொண்ணு ஒட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒட்டி முடித்துவிட்டுத் துவைக்கிற இடத்தில் போய் நின்று அழுதாள். மாமா அந்த அறைக்குப் போவதையே விட்டுவிட்டார். முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார்.

மிஷின் தெருவுக்குள் வந்த வாரம் இருவரையும் என் வீட்டுக்கு இழுத்து வந்தேன். பாத்திரம் பண்டங்களை வேனில் ஏற்றினோம். பகல் முழுக்க மாமா தகரத் தடுப்பின் பக்கத்தில் போய் நின்றார். நானும் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போய் நின்றேன். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. காலடியில் ஒரு முனகல், அவ்வளவுதான். டீக்கடைக் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படுக்கையறை ஜன்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் கண்ணாடி பொறுமையாக உடைந்தது. பிறகு வீட்டின் பின்மூலை உட்கார்ந்தது, வயதானவர்கள் உட்காருவது போல மெதுவாக. நர்சம்மா வீடு அப்படியே நின்றது, தையல்காரர் வீடும் நின்றது. மாமா ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் வந்து பார்த்தார்கள். குடியிருக்க லாயக்கில்லை என்று முடிவானது. நஷ்டத்துக்கு ஏதாவது பார்க்கலாம், ஆனால் அளவில் அசைவு இல்லாததால் இழுக்கும் என்றார் எஞ்சினியர்.

ஒரு ஆள் வாசல் கதவில் பசை தடவிச் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினான். ‘இக்கட்டடம் வசிக்கத் தகுதியற்றது. உள்ளே செல்லாதீர்.’ அவசரத்தில் ஒட்டினான், நோட்டீஸ் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அவன் போய்விட்டான். நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம்.

மாமாவின் வலதுகை தானாக எழுந்ததைப் பார்த்தேன். பாதி தூரம் போனது. பிறகு என்ன தோன்றியதோ, அதைக் கீழே இறக்கிச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். தலையைக் குனிந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் ஒரு கோணலைப் பார்த்தும் பார்க்காதது போல நின்றது என் ஆயுளில் அன்றைக்குத்தான்.

அக்கா நோட்டீஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை நாளாக அவரோடு பேசாதவள்.

“கோணலா இருக்கு பாருங்க” என்றாள். “பசை காயறதுக்குள்ள சரி பண்ணுங்க. நம்ம வீடு.”

அவர் பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கதவருகே போனார். மூலையை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, கண்ணாலேயே மட்டம் பார்த்து, நேராக வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தேய்த்துவிட்டார்.